பறவை வேட்டைக்குப் பருவமும் இல்லை, உரிமமும் இல்லை: சிவகங்கைக் கண்மாய்க்கரையில் சட்டம் யார்மீது இறங்குகிறது?

வடகிழக்குப் பருவமழையில் செட்டிநாட்டுக் கண்மாய்கள் நிறையும்போது நீர்ப்பறவைகள் வந்து சேர்கின்றன. அறுப்பு முடிந்த வயல்களில் காடையும் கௌதாரியும் மேய்கின்றன. கண்ணியும் வலையும் வெளியே வருவதும் அப்போதுதான். ‘சீசனில் பிடித்தால் குற்றமில்லை’, ‘லைசென்சு வாங்கினால் சுடலாம்’ என்ற பேச்சு ஊர்களில் இன்றும் உலவுகிறது. இரண்டும் தவறு. அதை நம்பிச் செயல்படும் ஏழை ஒருவர் தம் வாழ்வின் சில ஆண்டுகளைச் சிறையில் இழக்க நேரிடலாம். ஆகவே சட்டம் எங்கிருந்து வந்தது, இன்று என்ன சொல்கிறது, அதன் சுமை யார் தோளில் ஏறுகிறது என்பதை இங்கே தொகுத்துத் தருகிறோம்.

பருவமும் உரிமமும் இருந்த காலம்

1887ஆம் ஆண்டின் காட்டுப்பறவைகள் பாதுகாப்புச் சட்டம் இனப்பெருக்கக் காலத்தில் சில பறவைகளை விற்பதைக் கட்டுப்படுத்த வழிசெய்தது. அதன் இடத்தில் வந்த 1912ஆம் ஆண்டுச் சட்டம் வாத்து, காடை, கௌதாரி, காட்டுக்கோழி, மயில், புறா, கொக்கு முதலியவற்றைப் பட்டியலிட்டு, அவற்றைப் பிடிக்கக் கூடாத ‘தடைக்காலத்தை’ அறிவிக்கும் அதிகாரத்தை மாகாண அரசுகளுக்கு வழங்கியது. தடைக்காலம் முடிந்தால் வேட்டை தொடங்கும்.

ஆனால் துப்பாக்கி யாரிடம் இருந்தது? 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் இந்தியர் துப்பாக்கி வைத்திருக்க உரிமம் வேண்டும் என்றது. ஐரோப்பியருக்கு விலக்கு அளித்தது. உரிமம் நிலமும் செல்வாக்கும் உடையோரைத் தேடிச் சென்றது. சேரி மனிதருக்கு அந்த வேட்டையில் கிடைத்த இடம், பறவையை விரட்டிவிடுவதும் சுடப்பட்டதை நீரில் இறங்கி எடுத்துவருவதும்தான்.

விடுதலைக்குப் பின் வந்த 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டமும் தொடக்கத்தில் உரிம முறையைக் கைவிடவில்லை. சிறப்பு வேட்டை, பெருவேட்டை, சிறுவேட்டை, உயிருடன் பிடித்தல் என நான்கு வகை உரிமங்களை அது வைத்திருந்தது. காடை, கௌதாரி போன்றவை நான்காம் பட்டியலில் சிறுவேட்டைக்கு உரியவையாக இருந்தன. 1991ஆம் ஆண்டின் திருத்தம் இந்த உரிமங்களையும் தடைக்கால அறிவிப்பையும் சட்டத்திலிருந்தே நீக்கியது. அன்றிலிருந்து இந்நாட்டில் பறவை வேட்டைக்குப் பருவம் என ஒன்று இல்லை.

இன்றைய சட்டம்

‘வேட்டை’ என்பது சுடுவது மட்டும் அன்று. நஞ்சு வைத்தல், கண்ணி வைத்தல், வலை விரித்தல், இரைகாட்டி ஈர்த்தல், விரட்டிப் பிடித்தல், பறவையின் முட்டையையோ கூட்டையோ சிதைத்தல், இவற்றுக்கு முயலுதல் ஆகிய அனைத்தும் வேட்டையே.

2022ஆம் ஆண்டின் திருத்தம் 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் உள்ளது. பாதுகாக்கப்படும் விலங்குகளும் பறவைகளும் இப்போது முதல் இரண்டு பட்டியல்களில் அடங்குகின்றன. மயில் முதல் பட்டியலில் உள்ளது. பொதுவான மீறலுக்கு மூன்று ஆண்டுவரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய்வரை தண்டம், அல்லது இரண்டும். முதல் பட்டியல் உயிரினம் தொடர்பான குற்றத்துக்கும் சரணாலயத்துக்குள் வேட்டையாடுவதற்கும் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகம் ஏழு ஆண்டு சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத தண்டமும் உண்டு.

திருப்பத்தூர் அருகே 1977இல் அறிவிக்கப்பட்ட வேட்டங்குடி பறவைகள் சரணாலயத்தைச் சுற்றிய ஊர்களுக்கு மற்றொரு விதியும் பொருந்தும். சரணாலயத்திலிருந்து பத்துக் கிலோமீட்டருக்குள் வாழ்வோர் தம் துப்பாக்கி உரிமத்தை வனத்துறையில் பதிய வேண்டும். தலைமை வன உயிரினக் காப்பாளரின் இசைவின்றி அங்கே புதிய ஆயுத உரிமம் வழங்கலாகாது.

பயிரைக் காக்க வழியில்லையா என்ற கேள்வி நியாயமானது. இரண்டாம் பட்டியல் உயிரினம் பயிருக்கு ஊறு செய்தால் தலைமை வன உயிரினக் காப்பாளரோ அவரால் அதிகாரம் பெற்ற அலுவலரோ எழுத்துவழி அனுமதி தரலாம். அந்த ஆணை இல்லாமல் எவரும் தாமே முடிவெடுக்க இயலாது. முதல் பட்டியலில் உள்ள மயிலுக்குப் பயிர்ச்சேதம் என்னும் காரணம் பொருந்தாது.

சுமை யார்மீது?

எழுத்தில் சட்டம் எல்லோருக்கும் ஒன்றே. களத்தில் அது கையில் வலையோடு நிற்பவரிடமே முதலில் வருகிறது. நில உடைமையாளர் சொன்னபடி மயிலுக்கு நஞ்சு கலந்த தானியம் தூவும் கூலித் தொழிலாளியைப் பிடிப்பது எளிது. ஏவியவர் வீட்டில் இருப்பார். ஆனால் குற்றத்துக்குத் தூண்டியவரும் அக்குற்றத்தைச் செய்தவராகவே கருதப்படுவார் என்று இதே சட்டத்தின் 52ஆம் பிரிவு கூறுகிறது. காட்டுக் காடையை விலைக்கு வாங்குபவரும் குற்றத்திலிருந்து தப்ப முடியாது. (செட்டிநாட்டு உணவகங்களில் பரிமாறப்படும் பண்ணைக் காடை வேறு, அதை வளர்ப்பவரும் விற்பவரும் கொள்முதல் ரசீதைப் பாதுகாப்பது நல்லது.)

நரிக்குறவர் நிலை இன்னும் கூர்மையானது. குருவிக்காரர் என்ற பெயரே அவர்களது தொழிலைச் சொல்கிறது. 1965இல் லோகூர் குழு பரிந்துரைத்தும், அவர்கள் பழங்குடியினர் பட்டியலில் சேர 2023 ஜனவரிவரை காத்திருக்க நேர்ந்தது. பழங்குடித் தகுதி வந்ததால் வேட்டை உரிமை வந்துவிடவில்லை. 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டமும் மரபுவழி உரிமைகளை ஏற்கும்போது வேட்டையையும் கண்ணியையும் வெளிப்படையாக விலக்கியே வைத்துள்ளது. பெயரை அங்கீகரித்த அரசு, அப்பெயருக்குரிய தொழில் போன இடத்தில் வேறு வாழ்வை அமைத்துத் தந்ததா என்பதே நம் கேள்வி.

பிடிபட்டால் அறிய வேண்டியவை

கைது செய்யப்பட்டவரை 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும். காரணத்தைச் சொல்ல வேண்டும். வழக்கறிஞரைக் கலந்து பேச விட வேண்டும். பட்டியல் சாதியினரும் பழங்குடியினரும் வருமான வரம்பின்றி இலவசச் சட்ட உதவிக்கு உரியவர்கள். 15100 என்ற எண்ணில் அதைக் கோரலாம்.

வெற்றுத்தாளில் கையெழுத்தோ கைரேகையோ இடக் கூடாது. உதவி வனப் பாதுகாவலர் நிலைக்குக் குறையாத அலுவலர், குற்றம் சாட்டப்பட்டவர் முன்னிலையில் பதியும் சாட்சியம் நீதிமன்றத்தில் ஏற்கப்படும். ஒருவர் கைவசம் வன உயிரினம் இருந்தது உறுதியானால், அது சட்டப்படியானது என மெய்ப்பிக்கும் பொறுப்பு அவரையே சேரும். ஆகவே எது, எங்கே, யாரிடமிருந்து கைப்பற்றப்பட்டது என்பது சரியாகப் பதிவாவது மிக முக்கியம்.

சில குற்றங்களை இணக்கக் கட்டணம் செலுத்தி முடிக்கச் சட்டத்தில் இடமுண்டு. குறைந்தபட்சச் சிறை விதிக்கப்பட்ட குற்றங்களுக்கு அந்த வழி இல்லை. ரசீது இன்றி வாங்கப்படும் பணம் இணக்கக் கட்டணம் அன்று, அது கையூட்டு. பட்டியல் சாதியினர், பழங்குடியினர் மீது அவ்விரு பிரிவுகளையும் சேராதவர் பொய்வழக்குப் புனைந்தால், 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டப்படி அதுவே தண்டனைக்குரிய குற்றம்.

நாம் கோருவது

வேட்டைப் பருவத்தை மீண்டும் திறக்கும்படி நாம் கேட்கவில்லை. உரிம முறை திரும்பினால் துப்பாக்கியும் பணமும் உடையவரே பயன்பெறுவர். விரட்டிவிடும் வேலையே நமக்கு மிஞ்சும். பறவைகள் வாழட்டும். வேட்டங்குடி சரணாலயத்தை ஒட்டிய கொள்ளுக்குடிப்பட்டி மக்கள் பறவைகளுக்காகத் தீபாவளியன்று வெடி வெடிப்பதையே பல்லாண்டுகளாகத் தவிர்த்து வருகின்றனர். அவர்களை அவ்வாறு செய்யவைத்தது சிறை அச்சம் அன்று.

ஏவியவரையும் வாங்கியவரையும் விட்டுவிட்டுச் சுமந்தவரை மட்டும் வழக்கில் சேர்க்கும் வழக்கம் நிற்க வேண்டும். நரிக்குறவர் குடியிருப்புகளிலும் சேரிகளிலும் சட்டத்தைத் தமிழில் விளக்கும் கூட்டங்களை வனத்துறையும் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் இணைந்து நடத்த வேண்டும். வேட்டங்குடியிலும் கண்மாய்களிலும் பறவைக் காவலர் பணிகளை, பறவையின் வழியும் குரலும் அறிந்த இம்மக்களுக்கே முன்னுரிமையுடன் வழங்க வேண்டும். பறவையைக் காக்கும் சட்டம், பறவையால் பிழைத்தவரையும் காக்கக் கடமைப்பட்டது.