ஆங்கில வினைகளின் இறந்தகால வடிவங்கள்

ஆங்கில வினையை இறந்தகாலத்தில் சொல்ல இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, வினையின் இறுதியில் ‘எட்’ விகுதியைச் சேர்ப்பது: வாக் – வாக்ட், வான்ட் – வான்டட். மற்றொன்று, வினைக்குள் இருக்கும் உயிரொலியை மாற்றுவது: ஸிங் – ஸேங், டிரைவ் – டிரோவ். பள்ளி இலக்கணம் முதல் வகையை ஒழுங்கு வினை என்றும், இரண்டாம் வகையை ஒழுங்கற்ற வினை என்றும் பிரிக்கிறது. ஒழுங்கற்றவற்றை மூன்று பத்திப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்கிறது. வரலாற்றின்படி இந்தப் பெயர்கள் பொருந்துவதில்லை. உயிரொலி மாறும் முறையே பழையது. அதற்குக் கறாரான விதிகளும் இருந்தன. ‘எட்’ பிறகு வந்தது.

சமஸ்கிருதம், கிரேக்கம், லத்தீன் ஆகியவற்றுக்கும் ஆங்கிலத்துக்கும் பொதுவான இந்தோ-ஐரோப்பிய மூலமொழியில் வேர்ச்சொல்லின் உயிர் மாறுவது இயல்பான நிகழ்வு. ஆங்கிலம் அடங்கிய ஜெர்மானியக் கிளை மொழிகள் இந்த மாற்றத்தை இறந்தகாலத்தைக் காட்டும் கருவியாக்கி, வினைகளை ஏழு வகுப்புகளாகப் பிரித்துக்கொண்டன. ஆங்கிலத்தின் தொடக்க வடிவமான பழைய ஆங்கிலத்தில் இத்தகைய வினைகள் ஏறத்தாழ 300 இருந்தன. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஜெர்மானிய மொழிகளின் இலக்கணத்தை எழுதிய யாக்கோப் கிரிம் இவற்றுக்கு ‘வலுவான வினைகள்’ என்று பெயரிட்டார். வெளியிலிருந்து விகுதி எதையும் வாங்காமல் தம் சொந்த வலுவிலேயே இறந்தகாலத்தைக் காட்டுகின்றன என்பது அவர் கருத்து. விகுதியின் துணையை நாடியவை ‘மெலிந்த வினைகள்’ ஆயின.

மெலிந்த வினைகளின் விகுதி எங்கிருந்து வந்தது என்பதில் முழு உடன்பாடு இல்லை. ‘செய்’ என்று பொருள்படும் ‘டூ’ வினையின் இறந்தகாலமே தேய்ந்து விகுதியானது என்ற விளக்கம் பலராலும் ஏற்கப்படுகிறது. 4ஆம் நூற்றாண்டில் வுல்பிலா மொழிபெயர்த்த விவிலியத்தால் அறியப்படும் கோதிக் என்ற ஜெர்மானிய மொழியில் ‘தேடினோம்’ என்பதற்கு ‘சோகிதேதும்’ என்ற வடிவம் உண்டு. அதன் பின்பாதியில் ‘செய்தோம்’ ஒளிந்திருப்பதாக இவ்விளக்கம் கூறுகிறது. அப்படியானால் ‘எட்’ சேர்ந்த ஒவ்வொரு சொல்லிலும் ஒரு ‘செய்தல்’ புதைந்திருக்கிறது.

இன்று மாணவரைத் தடுமாற வைக்கும் பல இடங்களுக்குப் பழைய ஆங்கிலத்தில் காரணம் இருக்கிறது. அக்காலத்தில் வலுவான வினைகள் பலவற்றுக்கு இறந்தகாலத்திலேயே இரண்டு உயிர்கள் இருந்தன: ஒருமைக்கு ஒன்று, பன்மைக்கு இன்னொன்று. ‘நான் பாடினேன்’ என்பதற்கு ‘ஸங்’ என்பதில் அகரமும், ‘நாங்கள் பாடினோம்’ என்பதற்கு ‘ஸுங்கொன்’ என்பதில் உகரமும் வந்தன. பிற்காலத்தில் ஒருமை, பன்மை வேறுபாடு கரைந்தபோது ஒவ்வொரு வினையும் இரண்டில் ஒன்றை வைத்துக்கொண்டது. ஒரே வகுப்பைச் சேர்ந்த இரண்டு வினைகள் இதில் வெவ்வேறு திசையில் போயின. ‘டிரைவ்’ ஒருமை உயிரைக் காப்பாற்றி ‘டிரோவ்’ ஆனது. ‘பைட்’ பன்மை உயிரைப் பிடித்துக்கொண்டு ‘பிட்’ ஆனது. ‘பைட்’டின் இறந்தகாலம் ஏன் ‘போட்’ இல்லை என்று கேட்கும் குழந்தையின் கேள்வி நியாயமானது. பழைய ஆங்கிலத்தை அடுத்து வந்த நடு ஆங்கிலத்தில் அப்படி ஒரு வடிவமும் வழங்கியது. ஒருமை, பன்மை வேறுபாட்டை இன்றுவரை விடாத ஒரே வினை ‘இரு’ என்னும் பொருளுடையது: ‘வாஸ்’, ‘வேர்’. இவ்விரண்டில் ஸகரமும் ரகரமும் மாறி வருவதற்கான ஒலிவிதியை டென்மார்க்கைச் சேர்ந்த கார்ல் வெர்னர் 1875இல் கண்டறிந்தார்.

‘கீப் – கெப்ட்’, ‘ஸ்லீப் – ஸ்லெப்ட்’ போன்றவை வேறு கதை. இவற்றின் இறுதியில் விகுதி இருக்கிறது. அந்த விகுதி சேர்ந்ததால் இரண்டு மெய்கள் அடுத்தடுத்து நின்றன. அவற்றுக்கு முன்னிருந்த நெடில் குறுகிக் குறிலானது. பிறகு 15ஆம் நூற்றாண்டு வாக்கில் தொடங்கிய பெரும் உயிரொலிப் பெயர்ச்சி நெடில்களை மட்டும் இடம்மாற்றியது. ‘கேப்’ என்பது போல ஒலித்த நிகழ்கால வடிவம் ‘கீப்’ ஆக, குறில் உள்ள ‘கெப்ட்’ இருந்த இடத்திலேயே நின்றது.

‘கோ – வென்ட்’ இணையில் எந்த ஒலிவிதியும் இல்லை. ‘கோ’வின் பழைய இறந்தகாலம் முற்றிலும் வேறான ‘எயோடெ’ என்ற சொல். அது வழக்கொழிந்ததும், ‘திரும்பு, செல்’ என்ற பொருளில் இருந்த ‘வென்ட்’ என்னும் தனி வினையின் இறந்தகாலம் அந்த இடத்தில் அமர்ந்தது.

1066இல் நார்மானியர் இங்கிலாந்தைக் கைப்பற்றியபின் பிரெஞ்சு வினைகள் பெருமளவில் ஆங்கிலத்துக்குள் வந்தன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை எளிதான ‘எட்’ விகுதியையே ஏற்றன. உள்ளூர் வினைகளும் அதன் பக்கம் சாய்ந்தன. உதவுவதைக் குறிக்கும் ‘ஹெல்ப்’ முன்பு வலுவான வினை. அதன் எச்சமான ‘ஹோல்பன்’ 1611இன் ஜேம்ஸ் மன்னர் விவிலியத்தில்கூடத் தென்படுகிறது. இன்று ‘ஹெல்ப்ட்’ மட்டுமே. எதிர்த்திசையில் போன சொற்களும் உண்டு. ‘டிக்’ முன்பு ‘டிக்ட்’ என்று இருந்து ‘டக்’ ஆனது. 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் அமெரிக்காவில் ‘ஸ்னீக்ட்’ என்பதற்குப் போட்டியாக ‘ஸ்னக்’ எழுந்தது.

எது தேய்கிறது, எது நிலைக்கிறது என்பதை எரெஸ் லீபர்மேன் உள்ளிட்ட ஹார்வர்ட் ஆய்வாளர்கள் 2007இல் ‘நேச்சர்’ இதழில் அளந்து காட்டினர். பழைய ஆங்கிலத்தில் ஒழுங்கற்றவையாக இருந்த 177 வினைகளை எடுத்துக்கொண்டார்கள். நடு ஆங்கிலத்தில் அவற்றில் 145ம், இன்றைய ஆங்கிலத்தில் 98ம் அப்படியே எஞ்சியுள்ளன. அடிக்கடி வாயில் வரும் வினை மெதுவாக மாறுகிறது. அரிதாக வருவது விரைவில் ‘எட்’டுக்கு மாறிவிடுகிறது. ஆங்கிலத்தில் மிகுதியாகப் புழங்கும் பத்து வினைகளும் ஒழுங்கற்றவையாக இருப்பதற்கு இதுவே காரணம். தமிழிலும் ‘வா’, ‘தா’ போன்ற அன்றாட வினைகளே ‘வந்தான்’, ‘தந்தான்’ என்று உருக்குலைந்து நிற்கின்றன.

‘எட்’ விகுதியின் உச்சரிப்பும் மாறிக்கொண்டே வந்தது. ஒரு காலத்தில் அது எப்போதும் தனி அசை. அந்த அசை சுருங்கியபோது எதிர்ப்பு எழுந்தது. உயிரை விழுங்கி மெய்களை மோதவிடும் பழக்கத்தை 1712இல் எழுத்தாளர் ஜோனதன் ஸ்விஃப்ட் கடுமையாகக் கண்டித்தார். பேச்சு அவருக்குச் செவிசாய்க்கவில்லை. இன்று ‘வாக்ட்’ என்பதன் முடிவில் ‘பட்டு’ என்பதன் வல்லோசையும், ‘ப்ளேட்’ என்பதன் முடிவில் ‘பாடு’ என்பதன் மெல்லிய டகரமும் ஒலிக்கின்றன. முந்தைய ஒலி எதுவோ அதற்கேற்ப இது அமைகிறது. வினையே இவ்விரு ஒலிகளில் ஒன்றில் முடிந்தால் மட்டும், ‘வான்டட்’ என்பதுபோல், பழைய தனி அசை பிழைத்திருக்கிறது.

18ஆம் நூற்றாண்டு, ‘சரி – தவறு’ என்று தீர்ப்பளித்த இலக்கண ஆசிரியர்களின் காலம். 1762இல் வெளிவந்த ராபர்ட் லௌத்தின் சிறு இலக்கண நூல், இறந்தகால வடிவத்தை, ‘ஹேவ்’ போன்ற துணைவினையோடு வரும் எச்ச வடிவத்தின் இடத்தில் போட்ட புகழ்பெற்ற எழுத்தாளர்களையும் விட்டுவைக்கவில்லை. ‘ஹேவ்’ என்பதோடு ‘ரோட்’ என்று எழுதுவது பிழை, ‘ரிட்டன்’ வேண்டும் என்ற விதி இப்படித்தான் இறுகியது.

துணைவினைகள் கூடிய வடிவங்கள் இன்னொரு சிக்கல். கேள்வியிலும் எதிர்மறையிலும் ‘டிட்’ வருவது 16ஆம் நூற்றாண்டில் பரவத் தொடங்கியது. காலத்தை ‘டிட்’ சுமப்பதால் அடுத்த வினை வேர்வடிவில் நிற்கும். ‘டிட் யூ வென்ட்’ பிழையாவது காலம் இருமுறை வருவதால். ‘ஹேவ்’ சேர்ந்த வடிவம், ‘எழுதப்பட்ட கடிதத்தை வைத்திருக்கிறேன்’ என்ற உடைமைத் தொடரிலிருந்து வளர்ந்தது. உடைமைப் பொருள் மங்கிய பின்னும் நிகழ்காலத்தோடு அதன் தொடர்பு அறுபடவில்லை. அதனால்தான் ‘நேற்று’ போன்ற முடிந்துபோன காலத்தைச் சுட்டும் சொல்லோடு அது சேர்வதில்லை. அங்கே வெறும் இறந்தகாலமே வேண்டும். ஜெர்மன் மொழியில் இந்தத் தடை இல்லை. ‘போன வருடம் பார்த்திருக்கிறேன்’ என்பது தமிழில் இயல்பான தொடர். அதை அப்படியே ஆங்கிலமாக்கும் தமிழர் இந்த இடத்தில் தவறுகிறார்கள்.

குழந்தைகள் இந்த விதிகளைப் பட்டியலிலிருந்து கற்பதில்லை. 1958இல் மொழியியலாளர் ஜீன் பெர்க்கோ, இல்லாத வினைகளைப் புனைந்து குழந்தைகளிடம் படத்தோடு காட்டினார். ‘ரிக்’ என்ற போலிச் சொல்லுக்கு அவர்களில் பெரும்பாலோர் ‘ரிக்ட்’ என்றனர். ‘வென்ட்’ என்று சரியாகச் சொல்லிவந்த குழந்தை ஒரு கட்டத்தில் ‘கோட்’ என்று சொல்வதும் விதி பிடிபட்டதன் அடையாளமே. மனம் இங்கே விதியை இயக்குகிறதா, ஒப்புமையை மட்டும் பின்பற்றுகிறதா என்ற விவாதம் 1986இல் உளவியலாளர்கள் ரூமல்ஹார்ட்டும் மெக்லெலாண்டும் விதி எதையும் புகுத்தாமல் உருவாக்கிய கணினி மாதிரியால் சூடுபிடித்தது. உளவியலாளர் ஸ்டீவன் பிங்கர் விதியின் தரப்பில் நின்றார். இன்று புதிதாகப் பிறக்கும் வினைகள் ஏறத்தாழ எல்லாமே ‘கூகுள்ட்’, ‘டெக்ஸ்டட்’ என்று ‘எட்’ விகுதியோடுதான் வருகின்றன.