செஞ்சிக் கோட்டையும் அதன் சூழலும்

செஞ்சிக் கோட்டைக்கும் நம் மரபினர்க்கும் பண்டுதொட்டே தொடர்புண்டு என்று நம்மிற் பெரியோர் சிலர் வாய்வழியாகக் கூறி வருவதனை அன்பர்கள் அறிவர். நேரிற் சென்று கண்டும் நூல்களை ஆராய்ந்தும் அத்தொடர்பினை நம் இதழில் எழுதித் தருக எனச் சங்கத்துச் செயற்குழுவினர் எம்மைப் பணித்தனர். யாமும் மகிழ்ந்து உடன்பட்டு, அரையாண்டு விடுமுறையிற் புறப்பட்டோம். எம் தமக்கையார் மகன், ஏழாம் வகுப்பிற் பயில்பவன், தானும் வருவேன் என்று பிடிவாதஞ் செய்தமையால் அவனையும் உடனழைத்துச் சென்றோம்.

திண்டிவனத்தினின்றும் திருவண்ணாமலை செல்லும் சாலையிற் பேருந்து செஞ்சியை அணுகும்போதே, ஒன்றன்மேல் ஒன்றாக உருட்டி அடுக்கினாற்போன்ற பாறைக்குன்றங்கள் கண்ணுக்குத் தோன்றுகின்றன. அவற்றுள் மூன்றனை மூலைகளாகக் கொண்டு, இடைப்பட்ட சமநிலத்தையும் மதிலால் வளைத்து, முக்கோணமாக அமைந்ததே செஞ்சி நகரம். வடக்கே கிருஷ்ணகிரி; மேற்கே இராஜகிரி; தெற்கே சந்திரகிரி. சாலையும் கோட்டையினூடே செல்கின்றது. இராஜகிரி 800 அடி உயரமுடையது. அதன் உச்சியை அடையுமிடத்தில் மலையே பிளந்து 24 அடி அகலமும் 60 அடி ஆழமும் உடையதொரு பிளவாய் நிற்கின்றது. அதன்மீது ஒரு மரப்பாலம். அதனை எடுத்துவிட்டால் உச்சிக்கு வேறு வழியில்லை.

கீழ்க்கோட்டையில் எட்டு நிலையுடைய கலியாண மகால் நிற்கின்றது. அதற்குச் சுடுமண் குழாய்கள் வழியாகத் தொலைவிலிருந்து நீர் வரச் செய்திருந்தனர். நெற்களஞ்சியங்கள், ஆனைக்குளம், உடற்பயிற்சிக் கூடம், ஸாதத்துல்லா கான் பள்ளிவாசல், வேங்கடரமணசுவாமி கோயில் ஆகிய யாவும் ஒரு நகரம் வாழ்ந்ததற்குச் சான்றாகின்றன. 1597-இல் இங்கு வந்த பிமெண்டா என்னும் ஏசுசபைப் பாதிரியார், லிஸ்பன் ஒழியப் போர்ச்சுகல் நாட்டு நகரெதுவும் இதனினும் பெரிதன்று என்ற கருத்துப்பட எழுதியுள்ளார். இன்று அந்நகரிற் பெரும்பகுதி வயலும் முட்புதருமே.

இராஜகிரியின் நடுவழியிற் கமலக்கன்னியம்மன் கோயிலருகே இளைப்பாறுகையில், சிறுவன் எம்மை நோக்கி, "மாமா, இதில் எதைத் தேசிங்கு ராஜா கட்டினார்?" என்று கேட்டான். யாம் சிறிது நேரம் வாளாவிருந்தோம். இருபது ஆண்டுகளாக வகுப்பறையில் 'தேசிங்குராஜன் கோட்டை' என்றே சொல்லி வந்திருக்கின்றோம். தேசிங்கு இதில் ஒரு செங்கல்லும் வைத்தவரல்லர் என்பதனை யாம் அறியாமலும் இல்லை. எனினும், பிள்ளைகட்கு எளிதாய் விளங்குமென்று சொல்லிச் சொல்லி அதுவே வழக்கமாயிற்று. "ஒன்றையும் இல்லையப்பா" என்றோம். அவனுக்கு முகம் வாடிற்று. "அப்படியானால் யார்தான் கட்டினார்?" என்றான்.

அதற்கு விடை ஒரு பெயரன்று. 1200-ஐ ஒட்டிய காலத்தில் ஆனந்தக்கோன் என்னும் ஆயர்குலத் தலைவர் இராஜகிரியை முதலில் அரணாக்கினார் என்றும், அவர் வழியினர் கிருஷ்ணகிரியையும் அரண்செய்தனர் என்றும், மெக்கன்சி துரை தொகுப்பித்த உள்ளூர்ச் சரித ஏடு கூறுகின்றது. அஃது அந்நிகழ்ச்சிகட்குப் பல நூற்றாண்டுகட்குப் பின்னர் எழுதப்பட்டதாதலின், மரபுரை என்ற அளவிற் கொள்ளத்தக்கது. பின்னர் விசயநகரத்தின் கீழ்ச் செஞ்சி நாயக்கர்கள் இதனைப் பெருநகராக்கினர். 1649-இல் பீசப்பூர்ச் சுல்தானின் படை இதனைக் கைக்கொண்டது. 1677-இல் சிவாஜி வந்து புதிய மதில்களும் கொத்தளங்களும் எழுப்பினார். முகலாயர், நவாபு, பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர், இடையே 1780-இல் ஐதரலி என ஒவ்வொருவரும் இருந்து சென்றனர்.

ஈண்டு எம் மனத்தில் எழுந்த எண்ணம் ஒன்றுண்டு. திருவள்ளுவர் அரண் என்னும் அதிகாரத்தில், நீரும் நிலமும் மலையும் காடும் அரணாம் என்று கூறி, முற்றுகையிட்டும், பாய்ந்து தாக்கியும், உள்ளோரை வசப்படுத்தியும் கொள்ளற்கரியதே நல்லரண் என வழிகள் மூன்றனையும் எண்ணியுரைத்தார். இவ்வதிகாரத்தை யாம் எத்துணையோ முறை பாடஞ்சொல்லியிருக்கின்றோம். செஞ்சி அம்மூன்று வழியாலும் வீழ்ந்த கோட்டை என்பது அம்மலைமேல் அமர்ந்தபோதுதான் எமக்குப் புலப்பட்டது. சிவாஜி 1677-இல் இதனைப் பெற்றது பெரும்போரின்றி, உள்ளிருந்த பீசப்பூர்த் தலைவனோடு செய்துகொண்ட உடன்பாட்டினாலேயே.

முற்றுகைக்கு எடுத்துக்காட்டு அவர் மைந்தர் இராஜாராம் காலத்தது. 1689-இல் அவர் மகாராட்டிரத்தினின்றும் தப்பிவந்து இக்கோட்டையிற் புகுந்தார். ஔரங்கசீப்பின் படைத்தலைவன் சுல்பிகார் கான் 1690-இல் வந்து வளைத்தான். அம்முற்றுகை ஏழாண்டுகட்கு மேலும் நீண்டது. வளைத்தோரே வளைக்கப்பட்ட விந்தையும் அதில் நேர்ந்தது. சந்தாஜி, தானாஜி என்னும் மராத்தியத் தலைவர்கள் புறத்தே வந்து முகலாயப் பாசறைக்கு உணவு வாராமல் மறித்தனர். பாசறையிற் பஞ்சம் பரவ, பாதுஷாவின் மகன் காம்பக்ஷ் பகைவனோடு மறைவிற் பேசுகின்றான் என்று தந்தையின் தளபதிகளே அவனைச் சிறைப்படுத்த, சுல்பிகார் கான் 1693-இல் வந்தவாசிக்குப் பின்வாங்கினான். அவன் வேண்டுமென்றே காலங்கடத்தினான் என்று அக்காலத்தவர் பலரும் ஐயுற்றனர். முடிவில், 1698-ஆம் ஆண்டுத் தொடக்கத்திற் கோட்டை வீழ்ந்தபோது இராஜாராம் அதனுள் இல்லை. அவர் முன்னரே வெளியேறி மகாராட்டிரம் சேர்ந்துவிட்டார். அத்துணை உயிர்ப்பலியும் பொருட்செலவும் கொண்டு பாதுஷா பெற்றது வெறுங்கூடு என்றே எமக்குத் தோன்றுகின்றது.

பாய்ந்து தாக்கிக் கொண்டவர் பிரெஞ்சுக்காரர். 1750-ஆம் ஆண்டு செப்டம்பர் 11-ஆம் நாள் இரவில், பூசி என்னும் தளபதி வெடிமருந்தால் வாயிற்கதவைத் தகர்த்து உட்புகுந்து, பொழுது புலர்வதற்குள் மலைகளையும் பிடித்துக்கொண்டான். மறுநாள் வெளிச்சத்தில், இத்தகைய இடத்தையா யாம் பிடித்தோம் என்று அவர்களே தம் வெற்றியை வியந்தனராம். மதில் பழுதுற்றிருந்ததா? இல்லை. காவலில் ஊக்கமில்லை. வினைசெய்வார் இல்லாதவிடத்து எம்மாட்சியுடைய அரணும் அரணன்று என்று அவ்வதிகாரம் முடிவதனை அன்பர்கள் நினைவுகூர்வாராக. பதினோராண்டுகட்குப் பின், 1761 ஏப்பிரல் 5-இல், புதுச்சேரி வீழ்ந்ததனால் துணையற்றுப்போன பிரெஞ்சுப் படை ஆங்கிலேயரிடம் இதனை ஒப்புவித்து வெளியேறியது.

இனித் தேசிங்கைப் பற்றிக் கூறுவோம். இவர் இயற்பெயர் தேஜ்சிங்கு, பந்தேல்கண்டத்து இராசபுத்திரர். தந்தையார் சரூப்சிங்கு முகலாயரின் கீழ்ச் செஞ்சிக் கோட்டைத் தலைவராயிருந்து 1714-இல் மறைந்தார். நிலுவைத் திறையைக் கேட்ட ஆர்க்காட்டு நவாபு ஸாதத்துல்லா கானுக்குக் கொடுக்க மறுத்து, அவ்வாண்டு அக்டோபர் 3-ஆம் நாள் சிறுபடையோடு வெளிப்போந்து பொருது இறந்தார். வயது இருபத்திரண்டு. ஆண்டது ஓராண்டும் நிரம்பவில்லை. அவருடைய இளமனைவியார் செட்டிக்குளக் கரையில் தீப்புகுந்தார். சிறுவனுக்கு இக்கதையினும் அவ்வம்மையார் செய்தியே பெரிதும் வருத்தந்தந்தது. குளக்கரையில் நெடுநேரம் ஒன்றும் பேசாதிருந்தான்.

மூன்று மலையையும் மதிலையும் அகழியையும் உடையவர், ஏன் வெளியே வந்தார்? உள்ளேயிருந்து காத்திருந்தால் நவாபு எத்தனை மாதம் நின்றிருப்பார்? சரித்திரம் பயின்றோர் அதனை இளமைத் துணிவு என்பர். யாமும் அவ்வாறே கருதுகின்றோம். ஆயினும் எட்டுநிலை மாளிகை கட்டினாரையும், ஏழாண்டு முற்றுகையைத் தாங்கினாரையும் பாடாத நாட்டுப்பாட்டு, கோட்டையை விட்டிறங்கிய இவரைத்தான் பாடுகின்றது. திருமணக் கோலத்தோடே விரைந்து வந்து உடன்மாய்ந்த முகமதிய நண்பர் மோவத்துக்காரரையும், பாராசாரி என்னும் குதிரையையும் அது மறக்கவில்லை. எம் இளமையில் திண்ணையில் இக்கதைப்பாட்டைக் கேட்டழாத மூதாட்டியர் இல்லை. சங்கநூல் பயின்ற செருக்கால் அக்காலத்தில் யாம் அதனைப் பெரியவெழுத்துப் புத்தகம் என்று இகழ்ந்ததுண்டு. அவ்விகழ்ச்சி தவறென்று இப்பொழுது எண்ணுகின்றோம்.

நகரத்தின் வடபால், சிறிது தொலைவிற் சிங்கவரம் என்னும் ஊர். குன்றைக் குடைந்து பல்லவர் காலத்தில் அமைத்த குகைக்கோயிலில் அரங்கநாதர் பாறையிலேயே வடிக்கப்பட்டுப் பள்ளிகொண்டிருக்கின்றார். போருக்குச் செல்லுமுன் தேசிங்கு வந்து விடைகேட்க, இன்று போகவேண்டா எனப் பெருமாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார் என்பது கதை. அத்திருமுகம் சாய்ந்திருப்பதனை அர்ச்சகர் விளக்கொளியிற் காட்டினார். பல்லவர் காலத்துச் சிற்பியர்க்குத் தேசிங்கு யாரென்று தெரியாது. ஆயினும் அவ்விருளில் நின்று அக்கதையைக் கேட்கையில் மறுத்துப்பேச எமக்கு நா எழவில்லை.

சிங்கவரம் செல்லும் வழியிலேயே திருநாதர்குன்று உள்ளது. நகரத்தாருட் பலர் இதனைக் கண்டிலர். எம் எண்ணத்திற் செஞ்சிச் சூழலில் முதலிற் காணத்தக்கது இதுவே. பெரும்பாறை ஒன்றில் இருபத்துநான்கு தீர்த்தங்கரரும் இரு வரிசையாய்ப் பன்னிருவர் பன்னிருவராக வடிக்கப்பட்டுள்ளனர். மற்றொரு பாறையில் ஒரு சிறு கல்வெட்டு. சந்திரநந்தி ஆசிரியர் என்னும் சமணத்துறவி ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்நீத்த இடம் அஃது என்று அதனாலறிகின்றோம். ஏறக்குறைய ஆறாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் அக்கல்வெட்டு, கோட்டையின் முதற்கல்லுக்கும் பல நூற்றாண்டு மூத்தது. அங்கிருந்து நோக்கினால் மூன்று கோட்டை மலைகளும் தெரிகின்றன. பசியால் ஒருவரையொருவர் வெல்லக் காத்திருந்தோர் அம்மலைகளில்; பசியைத் தாமே ஏற்றுக்கொண்டவர் இக்குன்றில். காலையிற் கோட்டையில், கைதிகளைப் பட்டினியால் மாயவிட்ட பாறைக்கிணறு என்று காட்டப்பட்ட குழியையும் கண்டிருந்தோமாதலின், இவ்வேறுபாடு எம்மை விட்டு நீங்கவில்லை.

தெற்கே விழுப்புரம் பக்கமாகச் சென்றால் மண்டகப்பட்டுக் குகைக்கோயிலைக் காணலாம். செங்கல், மரம், உலோகம், சுதை ஆகியன இன்றியே மும்மூர்த்திகட்கு இதனை ஆக்கினேன் என்று மகேந்திரவர்மப் பல்லவர் பொறித்த கல்வெட்டு உள்ள இடம் அது. கிழக்கே மேல்சித்தாமூரில் தமிழ்ச் சமணரின் தலைமை மடம் உள்ளது. புதுச்சேரி செல்வோர் கடற்கரையிற் காந்தியடிகள் சிலையைச் சூழ்ந்து நிற்கும் எட்டுக் கருங்கற்றூண்களை உற்று நோக்குக. அவை பிரெஞ்சுக்காரர் செஞ்சியினின்றும் பெயர்த்துக்கொண்டு போனவை. தூணிழந்த வேங்கடரமணர் கோயிலையும் கண்டோமாதலின், அவ்வழகு எமக்கு முழுமகிழ்ச்சி தரவில்லை.

இனிச் சங்கத்தார் எம்மிடம் ஒப்புவித்த பணிக்கு வருவோம். நம் மரபினர் இக்கோட்டையைக் கட்டினர் என்றோ ஆண்டனர் என்றோ சொல்லத்தக்க சான்று யாம் கண்ட கல்லிலும் இல்லை. 1943-இல் வெளிவந்த ஆசிரியர் சீனிவாசாசாரியாரின் ஆங்கிலப் பெருநூல் உள்ளிட்டு, யாம் படித்த நூல்களிலும் இல்லை. வேறு பல சமூகத்தாரும் தத்தம் இதழ்களில் இக்கோட்டையைத் தம்மதென்று எழுதிவருதலால், நாமும் எழுதினாலென்ன என்று அன்பர் ஒருவர் எம்மைக் கேட்டார். இல்லாததை எழுதின், நாளை நம் பிள்ளைகளில் ஒருவன் மலைமேல் நின்று "எதைக் கட்டினார்?" என்று கேட்பான்; ஒருமுறை விடையின்றி நின்றது எமக்குப் போதும். எவரிடமேனும் பழைய ஓலையோ பட்டயமோ இருப்பின் அனுப்புக. உண்மையாயின் யாமே மகிழ்ந்து வெளியிடுவோம்.

2025-ஆம் ஆண்டு ஜூலைத் திங்களில், மராத்தியர் தொடர்புடைய பன்னிரண்டு கோட்டைகளை யுனெஸ்கோ உலக மரபிடமாக ஏற்றபோது, தமிழ்நாட்டினின்று அதில் இடம்பெற்றது செஞ்சி ஒன்றே. அதன்பின் காண வருவோர் மிகுந்துள்ளனர். செல்வோர் வைகறையிலேயே இராஜகிரி ஏறத் தொடங்குதல் நன்று. வெயிலேறின் பாறை சுடும். வேண்டிய நீரைக் கையிற் கொள்க. கைப்பொருளைக் குரங்குகளிடமிருந்து காத்துக்கொள்க. எம்முடைய உணவுப்பொட்டலம் ஒன்று கமலக்கன்னியம்மன் கோயிற்படியிலேயே பறிபோயிற்று. மேல்சித்தாமூர் செல்லப் பொழுது போதவில்லை. அதனைக் காட்டாமல் ஊர் திரும்பியதற்குச் சிறுவன் எம்மிடம் இன்னும் குறைபட்டுக்கொள்கின்றான். பங்குனிக்குள் அழைத்துச் செல்வதாகச் சொல்லியிருக்கின்றோம்.