சம்பளமில்லாத தொழிற்பயிற்சி: செலவழித்த காசுக்கு வரிக்கழிவு உண்டா?

செபராங் ஜெயாவில் வீடு, பாயான் லெப்பாஸில் தொழிற்பயிற்சி. தினமும் பினாங்குப் பாலத்தைக் கடக்கணும். மோட்டார் சைக்கிளுக்கு 2019 ஜனவரி 1 முதல் அங்கே டோல் இல்லை, காரில் போனால் உண்டு. அதோடு பெட்ரோல், மதியச் சாப்பாடு, கம்பெனி கேட்டதால் வாங்கிய பாதுகாப்புக் காலணி, பழையது படுத்துக்கொண்டதால் வாங்கிய புது லேப்டாப். கம்பெனி கொடுத்தது கடைசியில் ஒரு சான்றிதழ் மட்டும்.

"இந்தச் செலவையெல்லாம் வருமான வரியில் கழிக்கலாமா?" பொலிடெக்னிக் செபராங் பிறை மாணவரோ, பீடோங் ஏய்ம்ஸ்ட் மாணவரோ, யூஎஸ்எம் மாணவரோ, எல்.ஐ. முடித்த யாருக்கும் வரும் கேள்விதான் இது.

நேரடியாகச் சொன்னால், தொழிற்பயிற்சிச் செலவு என்ற பெயரில் கழிக்க முடியாது. ஆனால் அந்தக் காசில் ஒரு பகுதியை வேறு பெயரில் கழிக்கலாம். பெரும்பாலும் அதைச் செய்யப்போவது நீங்கள் இல்லை, உங்கள் அப்பாவோ அம்மாவோதான்.

ஏன் முடியாது?

1967-ஆம் ஆண்டு வருமான வரிச் சட்டத்தின் 33-வது பிரிவுதான் இங்கே முக்கியம். ஒரு வருமானத்தை ஈட்டுவதற்காகவே, முழுக்க முழுக்க அதற்காக மட்டுமே செய்த செலவை, அதே வருமானத்திலிருந்து கழிக்கலாம் என்கிறது அது. 'அதே வருமானம்' என்பதைக் கொஞ்சம் கவனிங்க. சம்பளம் ஒரு மூலம், வாடகை ஒரு மூலம், தொழில் ஒரு மூலம் என்று சட்டம் ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் பார்க்கிறது. சம்பளமே தராத தொழிற்பயிற்சியில் வருமானம் பூஜ்யம். பூஜ்யத்திலிருந்து எதைக் கழிப்பது?

சரி, அந்தச் செலவை நஷ்டமாகக் காட்டி அடுத்த வருஷச் சம்பளத்தில் கழிக்கலாமே என்று தோன்றும். நஷ்டத்தை அடுத்த ஆண்டுக்குக் கொண்டுபோகும் வசதி தொழில் வருமானத்துக்குத்தான் உண்டு, வேலை வருமானத்துக்குக் கிடையாது. பயிற்சிக் காலத்தில் பக்கத்தில் ஃப்ரீலான்ஸ் டிசைன் வேலை செய்து காசு பார்த்தவர்கள், அந்த வேலைக்கான செலவை அந்த வருமானத்தில் கழிக்கலாம். ஆனால் பாயான் லெப்பாஸுக்குப் போன பெட்ரோல் காசை அதில் நுழைக்க முடியாது. அது வேறு மூலம்.

போக்குவரத்துச் செலவுக்கு இன்னொரு தடையும் இருக்கிறது. சொந்தச் செலவு, வீட்டுச் செலவு எதையும் கழிக்கக்கூடாது என்கிறது 39-வது பிரிவு. வீட்டிலிருந்து வேலைக்குப் போவது சொந்தச் செலவாகவே பார்க்கப்படுகிறது. நல்ல சம்பளம் வாங்குகிறவருக்கும் இதே விதிதான். இது நம் நாட்டுப் பிடிவாதம் மட்டும் இல்லை. 1920-களில் பிரிட்டனில் ஒரு வழக்கு நடந்தது. லண்டனில் குடியிருந்து தொழில் நடத்திய ஒரு வழக்கறிஞருக்கு போர்ட்ஸ்மத் நகரில் நீதிபதிப் பொறுப்பும் இருந்தது. அங்கே போய்வந்த ரயில் கட்டணத்தையும் ஹோட்டல் செலவையும் கழிக்கக் கேட்டார். பிரபுக்கள் சபை மறுத்துவிட்டது. லண்டனில் குடியிருப்பது அவருடைய விருப்பம், அந்தப் பதவி கேட்டது அல்ல என்பதே காரணம். செபராங் ஜெயாவில் குடியிருப்பது உங்கள் விருப்பமா, தீவில் வாடகை கட்ட முடியாத நிலையா என்றெல்லாம் வரிச் சட்டம் விசாரிப்பதில்லை.

ஆஸ்திரேலியாவில் ஜெயித்த ஒரு மாணவி

இதற்கு நேர்மாறான ஒரு வழக்கும் உண்டு. ஆஸ்திரேலியாவில் ஆசிரியர் படிப்பு படித்த ஒரு மாணவி, பள்ளிகளில் கற்பித்தல் பயிற்சிக்குப் போய்வந்த செலவு, புத்தகம், கம்ப்யூட்டர் தேய்மானம் என மொத்தம் 920 ஆஸ்திரேலிய டாலரைக் கழிக்கக் கேட்டார். வழக்கு நாட்டின் உச்ச நீதி மன்றம் வரை போனது. 2010 நவம்பரில் அவர் பக்கம் தீர்ப்பு வந்தது.

எப்படி? அவருக்கு அரசு மாணவர் உதவித்தொகை கொடுத்தது, அந்தத் தொகை வரிக்கு உட்பட்ட வருமானம். படித்தால்தான் அந்தத் தொகை வரும், ஆகவே படிப்புச் செலவு அந்த வருமானத்துக்கான செலவு என்று நீதிமன்றம் ஏற்றது. கவனிங்க, அங்கேயும் கழிக்க ஒரு வருமானம் இருந்தது. ஆஸ்திரேலிய அரசு சும்மா இருக்கவில்லை. அடுத்த ஆண்டே சட்டத்தைத் திருத்தி அந்தக் கதவை மூடிவிட்டது.

அலவன்ஸ் வாங்கினால் கதை மாறுமா?

சட்டப்படி மாறும். வேலைக்காகத் தரும் அலவன்ஸ் வருமானம்தான், அதிலிருந்து வேலைக்கென்றே செய்த செலவைக் கழிக்க இடம் உண்டு. ஆனால் கையில் கிடைக்கும் லாபம் என்ன? மாதம் 800 ரிங்கிட், ஆறு மாதம் என்றால் 4,800. தனிநபர் நிவாரணமே 9,000 ரிங்கிட். வரி எப்படியும் பூஜ்யம்தான்.

படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்தவருக்கும் இது பொருந்தும். மாதம் 2,800 ரிங்கிட் சம்பளம் என்று வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 33,600. அதில் 9,000 தனிநபர் நிவாரணம், 3,696 இபிஎஃப் போனால் மீதி 20,904. வரி 177 ரிங்கிட் சொச்சம். வரிக்குரிய வருமானம் 35,000-ஐத் தாண்டாதவர்களுக்கு 400 ரிங்கிட் ரிபேட் உண்டு, ஆக ஒரு காசும் கட்ட வேண்டாம். 3,500 ரிங்கிட் சம்பளத்தில் இதே கணக்கைப் போட்டால், இபிஎஃப்-க்கு 4,000 வரைதான் நிவாரணம் என்பதால் 29,000 மீதியாகும். வரி 420, ரிபேட் போக 20 ரிங்கிட். சொக்சோ நிவாரணத்தைச் சேர்த்தால் அது இன்னும் குறையும். ஆக, தொழிற்பயிற்சிச் செலவு மூவாயிரத்தையும் சட்டம் அப்படியே ஏற்றுக்கொண்டால்கூட, மிச்சமாவது ஒரு வேளை நாசி கண்டார் காசு.

ஆண்டின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தவர்களுக்கு ஒரு விஷயம். சம்பளத்தில் பிசிபி பிடித்திருந்தால், வரி பூஜ்யம் என்றாலும் இ-ஃபைலிங் செய்யுங்க. பிடித்த காசு திரும்ப வரும். "நமக்குத்தான் வரி இல்லையே" என்று விட்டுவிட்டால் அது எல்எச்டிஎன்-னிடமே கிடக்கும்.

உண்மையான காசு எங்கே இருக்கிறது?

உங்கள் பெற்றோரின் பாரத்தில். திருமணமாகாத, 18 வயதைத் தாண்டிய பிள்ளை மலேசியாவில் டிப்ளோமா அல்லது அதற்கு மேல் முழுநேரமாகப் படித்தால், பெற்றோர் 8,000 ரிங்கிட் நிவாரணம் கேட்கலாம். சான்றிதழ் படிப்பு, மெட்ரிகுலேஷன், ஏ-லெவல் என்றால் 2,000 மட்டும். பாடத்திட்டத்தில் உள்ள எல்.ஐ. படிப்பின் ஒரு பகுதி, அந்த மாதங்களிலும் நீங்கள் பதிவு பெற்ற முழுநேர மாணவர்தான். "பிள்ளைதான் கம்பெனிக்குப் போறானே, இனிமே கிளைம் பண்ண முடியாது" என்று பெற்றோர் நினைத்துவிட வேண்டாம்.

இதன் மதிப்பைப் பாருங்க. அப்பாவுக்கு மாதம் 5,500 ரிங்கிட் சம்பளம். ஆண்டுக்கு 66,000. தனிநபர் நிவாரணமும் இபிஎஃப்-உம் போக 53,000, அதற்கு வரி 1,830. உங்களுக்கான 8,000-ஐக் கழித்தால் 45,000, வரி 1,200. மிச்சம் 630 ரிங்கிட். அம்மாவும் வேலை பார்க்கிறார் என்றால், இருவரில் யாருக்கு வரி விகிதம் அதிகமோ அவர் கேட்பதுதான் லாபம்.

லேப்டாப்புக்கும் இதே வழிதான். 'வாழ்க்கைமுறை' நிவாரணம் ஆண்டுக்கு 2,500 ரிங்கிட் வரை. புத்தகம், கம்ப்யூட்டர், ஃபோன், டேப்லட், இணையக் கட்டணம் எல்லாம் இதில் அடக்கம். தனக்கு மட்டுமில்லை, பிள்ளைக்கு வாங்கிய லேப்டாப்பையும் பெற்றோர் இதில் காட்டலாம். மேலே சொன்ன அதே அப்பா, பிள்ளைக்கான 8,000-ஐக் கழித்த பிறகு இந்த 2,500-ஐயும் காட்டினால் இன்னும் 150 ரிங்கிட் குறையும். அதே லேப்டாப்பை நீங்கள் உங்கள் காசில் உங்கள் பெயரில் வாங்கினால், அந்த ஆண்டு உங்களுக்கு வருமானம் இல்லாததால் ஒன்றும் கிடைக்காது. நிவாரணம் வாங்கிய ஆண்டுக்குத்தான் செல்லும், வேலை கிடைத்த பிறகு எடுத்துக் காட்ட முடியாது. ஆகவே பணம் கட்டுவது யார், ரசீது யார் பெயரில் என்பதைக் கடைக்குப் போகும் முன்பே வீட்டில் பேசிக்கொள்ளுங்க. இணையக் கட்டணமும் கேட்பவர் பெயரில் பதிவாகியிருக்கணும். காலணி, அலுவலக உடை, அறை வாடகை எதற்கும் இதில் இடமில்லை.

ரொம்ப மோசமான நிலை பட்டம் வாங்கிய பிறகு சம்பளமில்லாமல் பயிற்சிக்குச் சேர்வது. முழுநேர மாணவர் என்ற நிலை போய்விடுகிறது, பெற்றோரின் 8,000-உம் அதோடு போகிறது. உங்களுக்கும் வருமானம் இல்லை. "அனுபவம் கிடைக்கும்" என்று யாராவது அழைத்தால், இந்தச் செலவையும் கணக்கில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்க.

கம்பெனியிடம் கேட்க வேண்டிய கேள்வி

செலவழித்த பிறகு வரிக்கழிவு தேடுவதைவிட, முன்னாடியே அலவன்ஸ் கேட்பதில்தான் பலன் அதிகம். டேலண்ட்கார்ப் அங்கீகரித்த தொழிற்பயிற்சித் திட்டத்தில் சேரும் கம்பெனிகளுக்கு இரட்டை வரிக்கழிவு என்ற சலுகை 2012 மதிப்பீட்டு ஆண்டில் தொடங்கியது, பிறகு பலமுறை நீட்டிக்கப்பட்டது. தொடங்கியபோது வைத்த நிபந்தனை, குறைந்தது 10 வாரப் பயிற்சி, மாதம் குறைந்தது 500 ரிங்கிட் அலவன்ஸ்.

24 விழுக்காடு வரி கட்டும் கம்பெனி உங்களுக்கு நான்கு மாதத்தில் 2,000 ரிங்கிட் கொடுக்கிறது என்று வைப்போம். இரட்டைக் கழிவில் 4,000-ஐக் கழித்து 960 ரிங்கிட் வரி மிச்சம் பிடிக்கும். உங்களுக்குக் கொடுத்ததில் ஏறக்குறைய பாதி திரும்ப வந்துவிடுகிறது. ஒரு காசும் தராத கம்பெனிக்கு இந்தச் சலுகை இல்லை.

பிறையிலோ பாயான் லெப்பாஸிலோ நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது, "இந்தப் பயிற்சி டேலண்ட்கார்ப் திட்டத்தில் பதிவாகியிருக்கிறதா?" என்று எச்ஆர்-இடம் கேட்பதில் தப்பே இல்லை. சிறிய கம்பெனிகள் பலவற்றுக்கு இப்படி ஒன்று இருப்பதே தெரியாது. அலவன்ஸ் வேணும் என்று கெஞ்சுவதைவிட, உங்களுக்கும் லாபம் என்று சொல்லிக் கேட்பது எடுபடும்.

பாரம் அனுப்பும் நேரத்தில்

தொழில் வருமானம் இல்லாதவர்களுக்கு பிஇ பாரம். கடைசி நாள் ஏப்ரல் 30, இ-ஃபைலிங்கில் அனுப்புவோருக்கு வழக்கமாக மே 15 வரை அவகாசம் கிடைக்கும். ஃப்ரீலான்ஸ் போன்ற தொழில் வருமானம் இருந்தால் பி பாரம், ஜூன் 30. பாரத்தோடு ரசீதுகளை அனுப்பத் தேவையில்லை, ஆனால் ஏழு ஆண்டுகள் வைத்திருக்கணும். கடைகளில் தரும் வழவழப்பான ரசீது சில மாதத்தில் வெளிறிவிடும், வாங்கிய அன்றே ஃபோனில் படமெடுத்து அப்பாவுக்கோ அம்மாவுக்கோ அனுப்பிவிடுங்க. கல்லூரி கொடுத்த எல்.ஐ. கடிதத்தின் நகலையும், முழுநேர மாணவர் என்பதற்கான உறுதிக் கடிதத்தையும் அதோடு சேர்த்து வையுங்க. எல்எச்டிஎன் தணிக்கைக்குக் கேட்டால் காட்ட வேண்டியவர் அவர்தான்.