கர்ப்ப காலத்தில் தலைவலி: எந்த மாத்திரை ஓகே, எது கூடாது?

லிங்கராஜபுரத்தில் ஒரு மெடிக்கல் ஷாப்பில் 'தலைவலிக்கு மாத்திரை' என்று கேட்டால் டோலோ 650, சாரிடான், காம்பிஃப்ளாம், டிஸ்பிரின் எது வேண்டுமானாலும் கைக்கு வரலாம். ஆனால், கர்ப்பிணிகளுக்கு இவை நான்கும் ஒன்றல்ல. பார்க்க வேண்டியது பிராண்ட் பெயரை அல்ல. அட்டையின் பின்னால் பொடி எழுத்தில் இருக்கும் மருந்தின் பெயரை.

எது முதல் சாய்ஸ்?

பாராசிட்டமால். பெங்களூரு நிறுவனமான மைக்ரோ லேப்ஸின் டோலோ 650-ல் இருப்பது அதுதான். குறைந்த அளவு, குறைந்த நாட்கள் என்பதே விதி. இரண்டு நாளில் வலி அடங்கவில்லையா? டாக்டரைப் பாருங்கள்.

'ஆட்டிசம் வரும்' என்றார்களே?

2025 செப்டம்பர் 22-ல் அமெரிக்க அதிபர் டிரம்ப் அப்படிச் சொன்னார். இரண்டே நாளில் உலக சுகாதார நிறுவனம், அதற்கு உறுதியான ஆதாரம் இல்லை என்றது. சரி, டேட்டா என்ன சொல்கிறது? 2024-ல் வெளியான ஸ்வீடன் ஆய்வு சுமார் 24.8 லட்சம் குழந்தைகளின் பதிவுகளை அலசியது. மொத்தமாகப் பார்த்தபோது சின்ன வித்தியாசம் தெரிந்தது. மாத்திரை எடுத்த கர்ப்பம், எடுக்காத கர்ப்பம் என ஒரே தாயின் பிள்ளைகளை ஒப்பிட்டதும் அது மறைந்துவிட்டது.

எதைத் தவிர்க்கணும்?

காம்பிஃப்ளாம்: இதில் பாராசிட்டமாலுடன் ஐபுபுரூஃபனும் உண்டு. 20 வாரங்களுக்குப் பிறகு ஐபுபுரூஃபன் எடுத்தால், குழந்தையின் சிறுநீரகம் பாதிக்கப்பட்டு பனிக்குட நீர் குறையலாம் என அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் எச்சரித்தது.

டிஸ்பிரின்: இது ஆஸ்பிரின். வலிக்காக நீங்களாக எடுக்க வேண்டாம். ஆனால், ரத்த அழுத்தச் சிக்கலைத் தடுக்க டாக்டர் குறைந்த அளவு ஆஸ்பிரின் எழுதித் தந்திருந்தால், அதை நிறுத்தக் கூடாது.

சாரிடான்: பாராசிட்டமால், புரோபிஃபெனசோன், கஃபைன் கலந்த கூட்டு மருந்து. 2018-ல் மத்திய அரசு தடை செய்த 328 கூட்டு மருந்துகளில் இதுவும் ஒன்று. அதே மாதம் உச்ச நீதிமன்றம் விற்பனையை அனுமதித்தது. கடையில் கிடைக்கிறது என்பதாலேயே கர்ப்பிணிக்குப் பாதுகாப்பு என்று அர்த்தமில்லை.

மைக்ரேனுக்கு ஏற்கெனவே வால்புரோயேட் எடுப்பவர்கள் கர்ப்பத்துக்குத் திட்டமிடும்போதே டாக்டரிடம் சொல்லணும். அது குழந்தைக்குப் பிறவிக் குறைபாடுகளை உண்டாக்கக் கூடியது.

எப்போது மாத்திரை போதாது?

20 வாரங்களுக்குப் பிறகு கடும் தலைவலி, கண் மங்கல், மேல் வயிற்று வலி, திடீர் முகவீக்கம் ஆகியவை ப்ரீஎக்லாம்ப்சியாவின் அறிகுறிகளாக இருக்கலாம். பாராசிட்டமால் போட்டுவிட்டுப் படுக்காதீர்கள். உடனே பிபி பாருங்கள். 140/90 அல்லது அதற்கு மேல் இருந்தால் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போகணும். பிபி நார்மலாக இருந்தாலும், இந்த அறிகுறிகள் இருந்தால் டாக்டரைப் பார்த்தே ஆகணும். வலிப்பு வந்தால் 108-ஐ அழையுங்கள்.