ஒரு சிப்பாயின் சட்டைப்பை

இரண்டாம் உலகப்போர் என்றாலே ஹிட்லர், டாங்கிகள், ஸ்டாலின்கிராட் என்றுதான் நமக்கு நினைவு வரும். ஆனால் அந்தப் போரில் ஜெர்மனிக்காகச் சண்டையிட்ட சாதாரண சிப்பாய்களின் சட்டைப்பையில் இருந்த காகிதங்களையும், சீருடையில் தைத்திருந்த சின்னங்களையும் தேடித்தேடிச் சேகரிப்பவர்கள் உலகெங்கும் இருக்கிறார்கள். தபால்தலை, நாணயம் போல இதுவும் ஒரு பொழுதுபோக்குதான். ஆனால் அவற்றைவிடச் சிக்கலானது.

இந்தக் காகிதங்களில் முக்கியமானது 'சோல்ட்பூக்', அதாவது சம்பளப் புத்தகம். பணியில் இருந்த ஒவ்வொரு சிப்பாயும் இதைக் கூடவே வைத்திருக்க வேண்டும். அதுதான் அவனுடைய அடையாள அட்டையும். இரத்த வகை, பதவி உயர்வு, பணியாற்றிய படைப்பிரிவுகள், போட்ட தடுப்பூசிகள், மருத்துவமனையில் இருந்த நாட்கள், பெற்ற பதக்கங்கள், வாங்கிய சட்டை, பூட்ஸ் வரை எல்லாம் அதில் இருக்கும். 'வேர்பாஸ்' என்று இன்னொரு புத்தகமும் உண்டு. இது படைப்பிரிவின் அலுவலகத்தில் இருக்கும். சிப்பாய் இறந்தால் குடும்பத்துக்கு அனுப்பப்படும்.

இவற்றுக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? 1945 ஏப்ரலில் போட்ஸ்டாம் நகரின் மீது நடந்த குண்டுவீச்சில் அங்கிருந்த ராணுவ ஆவணக் காப்பகம் எரிந்து, தரைப்படையினரின் பணிக்கோப்புகள் பெருமளவு அழிந்தன. அதனால் பல சிப்பாய்களைப் பற்றி எஞ்சியிருக்கும் முக்கியச் சான்று இந்தச் சிறு புத்தகமே.

சின்னங்களின் கதை வேறு. தோள்பட்டையின் ஓர நிறத்தைப் பார்த்தே ஆளின் பிரிவைச் சொல்லிவிடலாம். வெள்ளை என்றால் காலாட்படை, சிவப்பு பீரங்கிப்படை, இளஞ்சிவப்பு டாங்கிப்படை. மலைப்படையினரின் கையிலும் தொப்பியிலும் எடல்வைஸ் என்ற மலைப்பூ இருக்கும். பார்க்க மிக அழகான சின்னம். ஆனால் 1943 ஆகஸ்ட் 16 அன்று கிரேக்க நாட்டின் கொம்மெனோ கிராமத்தில் பெண்கள், குழந்தைகள் உட்பட 300-க்கும் மேற்பட்டவர்களைக் கொன்றவர்கள் அந்தப் பூவை அணிந்த முதல் மலைப்படை டிவிஷனைச் சேர்ந்தவர்கள்தான். துணிச்சின்னம் இதைச் சொல்லாது. எந்தப் பிரிவில், எந்தத் தேதியில் என்று குறிப்பிடும் காகிதம்தான் நம்மை அந்த இடத்துக்குக் கொண்டுபோகும்.

விலை ஏறினால் போலியும் வரும் அல்லவா! 1983-ல் 'ஸ்டெர்ன்' பத்திரிகை வெளியிட்ட 'ஹிட்லர் நாட்குறிப்புகள்' நினைவிருக்கலாம். அவற்றை எழுதிய கொன்ராட் குயாவ், ஸ்டுட்கார்ட்டில் நாஜிக் காலப் பொருட்களை வாங்கி விற்றவர்தான். போருக்குப் பிறகு வந்த வேதிப்பொருள் காகிதத்தில் இருந்ததைச் சோதனை காட்டிக்கொடுத்தது. 1985-ல் அவருக்குச் சிறைத்தண்டனை கிடைத்தது.

என்னைப் பொறுத்தவரை போலியைவிட மோசமான ஒன்று உண்டு. ஜெர்மன் சிப்பாய்கள் கழுத்தில் நீள்வட்டத் தகடு ஒன்றை அணிந்திருந்தார்கள். இறந்தால் நடுவில் ஒடித்து, ஒரு பாதியை உடலோடு விட்டுவிடுவார்கள். அதில் பெயர் இருக்காது. படைப்பிரிவும் எண்ணும்தான் இருக்கும். பெர்லினில் உள்ள பதிவேடுகளோடு ஒப்பிட்டால்தான் ஆள் யார் என்று தெரியும். ஜெர்மனியின் போர்க்கல்லறை அமைப்பான 'ஃபோல்க்ஸ்புண்ட்' இன்றும் கிழக்கு ஐரோப்பாவில் எலும்புகளைத் தோண்டியெடுத்து இப்படித்தான் அடையாளம் காண்கிறது. காட்டில் திருட்டுத்தனமாகத் தோண்டுபவர்கள் தகட்டை எடுத்து விற்றுவிட்டால், அந்த எலும்புகளுக்குப் பெயரே கிடைக்காமல் போகலாம். காணாமல் போனவருக்கு என்ன ஆயிற்று என்று குடும்பத்துக்கும் தெரியாது.

ஜெர்மனியில் ஸ்வஸ்திகாவைப் பொது இடத்தில் காட்டுவது குற்றம். ஆராய்ச்சி, கல்வி போன்றவற்றுக்கு மட்டும் விலக்கு உண்டு. அந்த விலக்கில் சேகரிப்பவர்களுக்கும் ஒரு பாடம் இருக்கிறது. அலமாரியில் அலங்காரமாக வைத்தால் அது வெறும் நாஜிப் பொருள். யாருடையது, எங்கே கிடைத்தது, அந்த நேரத்தில் அந்தப் படை என்ன செய்தது என்று எழுதி வைத்தால் அது சரித்திரச் சான்று. கல்லறையிலிருந்து வந்த தகட்டையோ வாங்கவே கூடாது. வாங்க ஆளில்லை என்றால் தோண்டவும் ஆளிருக்காது.