ஜோங்காவும் மிலிட்டரி பேட்டையும்

1/
2019-ல தோனி ராஞ்சியில ஒரு பழைய ராணுவ வண்டியை ஓட்டிட்டுப் போன படத்தை நிறைய பேர் பார்த்திருப்பீங்க. அந்த வண்டி பேர் ஜோங்கா. "எங்க கிடைக்கும், என்ன விலை?"ன்னு அப்போ ஊரே கேட்டுச்சு. இந்த வண்டியை பட்டாளத்துல யார் ஓட்டினாங்கன்னு கேட்டவங்க கம்மி. இந்த இழை அவங்களையும் சேர்த்துத்தான்.

2/
வேலூர்ல இருந்து திருவண்ணாமலை போற சாலையில இருக்கு கணியம்பாடி. பக்கத்துலயே ஜவ்வாது மலை அடிவாரம். இந்த ஒன்றியத்துல கம்மவான்பேட்டைன்னு ஒரு ஊர். சுத்துவட்டாரத்துல அதை மிலிட்டரி பேட்டைன்னே சொல்வாங்க. தலைமுறை தலைமுறையா பட்டாளத்துக்கு ஆள் அனுப்பின ஊர். பட்டாளம்னா துப்பாக்கி பிடிக்கிறவர் மட்டும் இல்ல. ரேஷன் லாரி ஓட்டினவர், வண்டிக்கு அடியில படுத்து ரிப்பேர் பார்த்தவர் எல்லாரும்தான். இந்திய ராணுவத்துல வண்டி, ஆயுதம் பழுது பார்க்கிறதுக்குன்னே ஈ.எம்.இ. பிரிவு தனியா உருவானது 1943-ல.

3/
கதை ஜீப்ல ஆரம்பிக்குது. 1940-ல அமெரிக்க ராணுவம், லேசான நாலு சக்கர இழுவை வண்டி வேணும், 49 நாள்ல மாதிரி வண்டி கொண்டு வாங்கன்னு கேட்டுது. பேண்டம்ங்கற சின்ன கம்பெனி கொண்டு வந்துச்சு. ஆனா பெருசா தயாரிச்சது வில்லிஸும் ஃபோர்டும். போர் முடியறதுக்குள்ள 6 லட்சத்துக்கும் மேல. 2.2 லிட்டர் பெட்ரோல் இன்ஜின், 60 குதிரைசக்தி, எடை 1,100 கிலோ வாக்குல.

4/
போர்க்களத்துல எத்தனை நாள் தாங்கும்னு தெரியாம செஞ்ச வண்டி, 80 வருஷம் கழிச்சும் எப்படி ஓடுது? சாதாரண சிப்பாய் ஸ்பானரை வச்சு வழியிலயே பிரிச்சு மாட்டற மாதிரி செஞ்சதாலதான். ஒரே வடிவமைப்புங்கறதால வில்லிஸ் பாகம் ஃபோர்டு வண்டியில பொருந்தும். ஃபோர்டு தன் போல்ட் தலையில கூட கம்பெனி எழுத்தைப் பதிச்சுது. இன்னிக்கு பழைய ஜீப்பை மீட்டெடுக்கிறவங்க அந்த எழுத்து உள்ள போல்ட்டைத் தேடி அலையறாங்க.

5/
டாக்டரா ஒரு விஷயம். இந்த வண்டி பேர்ல ஒரு நோயே இருக்கு. வால் எலும்புக்கு மேல முடி உள்ளே புகுந்து, சீழ் கட்டி, புரையோடும். பைலோனிடல் சைனஸ். இரண்டாம் உலகப் போர்ல இதுக்காக ஆஸ்பத்திரியில சேர்ந்த அமெரிக்க வீரர்கள் 70,000 பேருக்கும் மேல. வியர்வை, உராய்வு, மேடு பள்ளத்துல மணிக்கணக்கா குலுங்கற சீட். 1944-ல லூயி பியூயிங்கற டாக்டர் இதை "ஜீப் நோய்"னு எழுதினார். குண்டு படாமலே வண்டியும் ஆளைச் சாய்க்கும்.

6/
நம்ம நாட்டுக்கு வருவோம். மஹிந்திரா ஜீப் கட்ட ஆரம்பிச்சது 1940-களின் கடைசியில. 1959-ல ஜெர்மன் மேன் கம்பெனி உரிமத்துல ஜபல்பூர்ல சக்திமான் லாரி வந்துச்சு. 1969-ல நிஸான் பேட்ரோலை ஒட்டி ஜோங்கா. ஜபல்பூர் ஆயுதத் தொழிற்சாலையோட ஆங்கிலப் பேரைச் சுருக்கித்தான் அந்தப் பேரே. ஆறு சிலிண்டர், கிட்டத்தட்ட 4 லிட்டர் பெட்ரோல் இன்ஜின். 1999 வரைக்கும் தயாராச்சு. மைலேஜ் மட்டும் கேட்காதீங்க!

7/
ராணுவம் கழிச்ச வண்டி ஏலத்துக்கு வரும். வாங்கினவர் ஆர்.டி.ஓ.வுல சிவில் பதிவு போடணும். அதுக்கப்புறம் ரெண்டு வழி. ஹரியானா தப்வாலி மாதிரி ஊர்கள்ல டீசல் இன்ஜின், அகல டயர்னு வேற வண்டியாவே மாத்திடுவாங்க. இன்னொரு கூட்டம் பழைய பெயிண்ட் நிறம் வரைக்கும் ஆராய்ஞ்சு, தொழிற்சாலையில இருந்து வந்தபடி கொண்டு வரப் பார்க்கும். முதலாவது ரசனை. ரெண்டாவதுதான் வரலாறு.

8/
சட்டமும் ரெண்டாவது பக்கம்தான் நிக்குது. 2021 விதிப்படி 50 வயசு தாண்டி, சேசிஸ், பாடி, இன்ஜின் மாத்தாத வண்டிக்கு "விண்டேஜ்" பதிவு கிடைக்கும். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். தினசரி உபயோகத்துக்குக் கூடாது. கணக்குப் போடுங்க: ஆரம்பகால ஜோங்காக்கள் அந்த வயசைத் தாண்டிடுச்சு.

9/
இந்தப் பொழுதுபோக்குல இருக்கிறவங்களுக்கு: பழைய பிரேக் லைனிங், கிளட்ச் தட்டு, கேஸ்கெட்ல ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். பிரேக் டிரம்மைத் திறந்து வாயால ஊதாதீங்க, ஏர் அடிக்காதீங்க. ஈரத்துணியால துடைங்க. துணி மாஸ்க் இதுக்குப் பத்தாது. இன்னிக்கு மூச்சுல போற தூசி நுரையீரல்ல வேலையைக் காட்ட 20, 30 வருஷம் ஆகும். மூடின ஷெட்ல இன்ஜினை ஓட விடவும் கூடாது.

10/
உதிரிபாகம் தேடினா எங்கேயாவது கிடைச்சிடும். ஓட்டற விதம் கடையில கிடைக்காது. பவர் ஸ்டியரிங் இல்லாத லாரியை மலை வளைவுல திருப்பறது, டபுள் கிளட்ச் போட்டு கியர் மாத்தறது, உறைபனி ராத்திரியில ரேடியேட்டர் தண்ணியை இறக்கி விட்டுட்டு காலையில திரும்ப ஊத்தறது. கையேட்டுல ரெண்டு வரி இருக்கும். மீதி ஓட்டினவர் கையிலயும் காதுலயும் இருக்கு.

11/
அந்தக் கையும் காதும் ஓய்ஞ்சுட்டு இருக்கு. 1971 போர்ல 20 வயசுல ஸ்டியரிங் பிடிச்சவருக்கு இப்போ 70 தாண்டிடுச்சு. ஓ.பி.யில முதுகு வலின்னோ காது சரியா கேட்கலைன்னோ வருவாங்க. "என்ன வேலை பார்த்தீங்க ஐயா?"ன்னா, "பட்டாளம்"னு ஒரே வார்த்தை. நாமளும் அதோட நிறுத்திக்கறோம். வருஷக்கணக்கா குலுங்கற வண்டியில உட்கார்ந்தா இடுப்புத் தட்டு தேயும், இன்ஜின் சத்தம் காதைக் கெடுக்கும். அதனால "பட்டாளத்துல எந்த வண்டி?"ங்கறது வைத்தியத்துக்கும் தேவையான கேள்வி.

12/
பழைய வண்டியை ஷெட்ல பூட்டி வச்சா சீல் காயும், பெட்ரோல் பிசினாகும், பிரேக் சிலிண்டர் துருப்பிடிக்கும். ஓடினாதான் உயிரோட இருக்கும். ஓட்டினவங்க நினைவும் அப்படித்தான், யாராவது கேட்டுட்டே இருக்கணும். கம்மவான்பேட்டை மாதிரி ஊர்ல உங்க தாத்தாவோ பெரியப்பாவோ இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை போனை ரெக்கார்டிங்ல போட்டு உட்காருங்க. எந்த வண்டி, எந்த ரோடு, எங்க பழுதாச்சு, எப்படி சரி பண்ணீங்க? இந்த நாலு கேள்வி போதும். ஜோங்கா இன்னொரு ஏலத்துல வரும். அவர் வரமாட்டார்.