அக்ரன் மேடையில் கொடுத்த வாக்கு

1964 அக்டோபர் 21 அன்று ஒகையோ மாநிலத்தின் அக்ரன் நகரில் பேசிய லிண்டன் ஜான்சன் நாட்டுக்கு ஒரு வாக்குக் கொடுத்தார். அப்போது அவர் அமெரிக்காவின் அதிபர். ஜனநாயகக் கட்சியின் வேட்பாளரும் அவரே. ஆசியப் பிள்ளைகள் தாங்களே செய்துகொள்ள வேண்டிய வேலைக்காக அமெரிக்கப் பிள்ளைகளை ஒன்பதாயிரம், பத்தாயிரம் மைல் கடந்து அனுப்பப்போவதில்லை என்றார். இரண்டே வாரத்தில் 61 சதவீத வாக்குகளோடு வென்றார். நான்கு மாதம் கழித்து, 1965 மார்ச் 8 அன்று, 3,500 அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையினர் தென் வியட்நாமின் தானாங் கரையில் இறங்கினார்கள். ஜூலை 28 அன்று படைபலம் 1,25,000 ஆக உயர்த்தப்படும் என்று அதே ஜான்சன் அறிவித்தார். அந்தப் போர் முடிவதற்குள் 58,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் மாண்டார்கள். மாண்ட வியட்நாமியரின் எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தாண்டும். இதை ஒரு வேட்பாளர் சொன்ன பொய் என்று சொல்லி முடித்துவிடுவது வழக்கம். எனக்கு அந்த விளக்கம் போதவில்லை. அந்த வாக்குறுதி பிற்பாடு உடைந்தது ஒரு கேடு. கொடுக்கப்பட்ட நாளிலேயே அது செய்த கேடு அதைவிடப் பெரியது. மக்கள் தங்கள் கருத்தைச் சொல்லக்கூடிய ஒரே பருவத்தில், போர் என்ற கேள்வியையே அது மேடையிலிருந்து இறக்கிவிட்டது.

அமெரிக்க அதிபர் தேர்தலில் அமைதி வாக்குறுதி அதற்கு முன்பே வேர்விட்டிருந்தது. 1916 ஜூன் மாதம் செயின்ட் லூயிஸ் நகரில் ஜனநாயகக் கட்சி மாநாடு கூடியபோது ஐரோப்பா எரிந்துகொண்டிருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு ஜெர்மன் நீர்மூழ்கிக் கப்பல் லூசிடானியா என்ற பயணிகள் கப்பலை மூழ்கடித்ததில் 128 அமெரிக்கர்கள் இறந்திருந்தார்கள். மாநாட்டின் தொடக்க உரையை ஆற்றிய நியூயார்க் முன்னாள் ஆளுநர் மார்ட்டின் கிளின், அமெரிக்கா பழைய நாள்களில் சீண்டப்பட்டும் போருக்குப் போகாத தருணங்களை ஒவ்வொன்றாக எடுத்துச் சொன்னார். இந்தப் பட்டியல் சலிப்பூட்டும் என்று அவர் அஞ்சினார். பிரதிநிதிகளோ இன்னும் சொல்லுங்கள் என்று ஆர்ப்பரித்தார்கள். நம்மைப் போரிலிருந்து காத்தவர் வில்சன் என்ற முழக்கம் நாடெங்கும் பரவியது. மறுபடி போட்டியிட்ட அதிபர் வில்சனுக்கு அந்த முழக்கம் உறுத்தியது. ஏதோ ஒரு சின்ன ஜெர்மன் அதிகாரி நினைத்தால் எந்த நாளிலும் நம்மைப் போருக்குள் தள்ளிவிட முடியும் என்று தம் அமைச்சரிடம் அவர் தனியே சொன்னது பதிவாகியிருக்கிறது. ஆனால் மேடையில் அவர் அதைச் சொல்லவில்லை. குடியரசுக் கட்சி வென்றால் நாடு ஐரோப்பியப் போருக்குள் இழுக்கப்படும் என்றுதான் எச்சரித்தார். பெண்கள் அதிபர் தேர்தலில் வாக்களிக்க முடிந்த 12 மாநிலங்களில் 10 அவருக்குக் கிடைத்தன. கலிஃபோர்னியாவை 4,000க்கும் குறைவான வாக்கு வித்தியாசத்தில் பிடித்து 277க்கு 254 என்ற தேர்வாளர் கணக்கில் தப்பித்தார். 1917 ஏப்ரல் 2 அன்று அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸின் முன் நின்று போர்ப் பிரகடனம் கேட்டவரும் அவர்தான்.

1940இல் இதே காட்சி இன்னும் கூர்மையாக நடந்தது. மூன்றாம் முறை போட்டியிட்ட ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டை, இவர் நம்மைப் போரில் இறக்கிவிடுவார் என்று எதிர் வேட்பாளர் வெண்டெல் வில்கி சாடி வந்தார். அக்டோபர் 30 அன்று பாஸ்டனில் ரூஸ்வெல்ட் பதில் சொன்னார். உங்கள் பிள்ளைகள் எந்த அந்நியப் போருக்கும் அனுப்பப்பட மாட்டார்கள். இதை மறுபடி மறுபடி சொல்வேன் என்றார். கட்சியின் தேர்தல் அறிக்கையில் தாக்கப்பட்டால் தவிர என்ற ஒரு விலக்கு இருந்தது. பாஸ்டனில் அதை அவர் விட்டுவிட்டார். உரை எழுத உதவியவர் சுட்டிக்காட்டியபோது, நம்மைத் தாக்கினால் அது அந்நியப் போரே அல்லவே என்று விளக்கம் தந்தார். அந்த விலக்கு, குடும்பங்கள் கேட்டிருக்க வேண்டிய ஒன்று. அதை விட்டது தவறு என்றே நான் கருதுகிறேன்.

ஆனாலும் 1940ஐயும் 1964ஐயும் ஒரே தட்டில் வைக்க முடியாது. ரூஸ்வெல்ட்டின் சொல் மறைத்ததை அவருடைய செயல் காட்டிக்கொண்டிருந்தது. செப்டம்பரில் அவர் பிரிட்டனுக்கு 50 நாசகாரிக் கப்பல்களைக் கொடுத்தார், நாடறியக் கொடுத்தார். அதே மாதம் கட்டாயப் படைச்சேர்ப்புச் சட்டத்தில் கையெழுத்திட்டார். இளைஞர்களைத் தேர்ந்தெடுக்கும் முதல் குலுக்கல் பாஸ்டன் பேச்சுக்கு முந்தின நாள்தான், அதிபர் முன்னிலையில் நடந்தது. வாக்காளர் தம் மகனின் படைச்சேர்ப்பு எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாக்குச்சாவடிக்குப் போனார். இந்த அதிபர் எந்தத் திசையில் போகிறார் என்று தெரிந்தே தேர்ந்தெடுத்தார். 1917இலும் 1941இலும் போருக்குள் போகும் கடைசி முடிவு காங்கிரஸில் வெளிப்படையாக எடுக்கப்பட்டது. 1917இல் பிரதிநிதிகள் சபையில் 373 பேர் ஆதரித்தார்கள். 50 பேர் எதிர்த்தார்கள். யார் எப்படி வாக்களித்தார் என்பது அவரவர் தொகுதிக்குத் தெரிந்தது. வேட்பாளரின் சொல் தவறினாலும் இரண்டாவதாக ஒரு கதவு இருந்தது. ரூஸ்வெல்ட்டைச் சும்மா விடுவதற்காக இதைச் சொல்லவில்லை. 1941 செப்டம்பரில் கிரீர் என்ற நாசகாரிக் கப்பல் ஜெர்மன் நீர்மூழ்கியுடன் மோதியபோது, அந்தக் கப்பல் நீர்மூழ்கியைப் பின்தொடர்ந்து அதன் இருப்பிடத்தைப் பிரிட்டிஷ் விமானத்துக்குத் தெரிவித்துவந்ததை அவர் மக்களுக்குச் சொல்லவில்லை. நல்ல நோக்கத்துக்காக அவர் செய்த அந்தத் தந்திரம், கெட்ட நோக்கத்துக்காக ஜான்சன் செய்ததை எளிதாக்கியது என்று செனட்டர் வில்லியம் ஃபுல்பிரைட் பின்னாளில் சொன்னார். அதில் உண்மை இருக்கிறது.

அந்த இரண்டாவது கதவு மூடத் தொடங்கியது 1950இல். கொரியாவுக்குப் படை அனுப்பிய ஹாரி ட்ரூமன் காங்கிரஸிடம் போர்ப் பிரகடனம் கேட்கவில்லை. போரை அறிவிக்கும் அதிகாரம் காங்கிரஸுக்கே என்று அரசியல் சட்டம் சொல்கிறது. ஆனால் 1942க்குப் பிறகு இன்றுவரை அமெரிக்கக் காங்கிரஸ் முறைப்படி எந்த நாட்டின் மீதும் போர் அறிவித்ததில்லை. அதிகாரம் ஒருவர் கைக்குப் போனபின், அந்த ஒருவர் வேட்பாளராக இருக்கும்போது சொல்வதுதான் வாக்காளருக்கு மிஞ்சிய பிடி. அதிபர் வேட்பாளர் ஐசன்ஹோவர் 1952 அக்டோபர் 24 அன்று டெட்ராய்ட்டில், வென்றால் நானே கொரியாவுக்குப் போவேன் என்றார். போய் என்ன செய்வார் என்று விளக்கவில்லை. ஆனாலும் நடந்துகொண்டிருந்த போரை அந்த வாக்குறுதி தேர்தலின் நடுவே கொண்டுவந்து வைத்தது. டிசம்பரில் போனார். 1953 ஜூலை 27 அன்று போர்நிறுத்தம் கையெழுத்தானது.

1964இல் நடந்தது இதற்கு நேர் எதிர். ஆகஸ்ட் 2 அன்று டோன்கின் வளைகுடாவில் மேடக்ஸ் என்ற அமெரிக்கக் கப்பலை வட வியட்நாமியப் படகுகள் தாக்கின. 4ஆம் தேதி இரண்டாவது தாக்குதல் நடந்ததாக அறிவிக்கப்பட்டது. அப்படி ஒன்று நடக்கவே இல்லை என்பது இன்று நிலைநாட்டப்பட்ட செய்தி. வட வியட்நாமியக் கரைமீது அமெரிக்கத் திட்டப்படி தென் வியட்நாமியப் படகுகள் இரகசியத் தாக்குதல் நடத்திவந்தது காங்கிரஸில் பெரும்பாலோருக்குத் தெரியாது. தேவையான எல்லா நடவடிக்கையும் எடுக்க அதிபருக்கு அதிகாரம் தரும் தீர்மானம் ஆகஸ்ட் 7 அன்று நிறைவேறியது. அதன் முன்வரைவு அந்தச் சம்பவத்துக்கு மாதங்களுக்கு முன்பே எழுதப்பட்டிருந்தது. பிரதிநிதிகள் சபை ஒரு மணி நேரத்துக்குள் விவாதத்தை முடித்து 416க்கு 0 என்று வாக்களித்தது. செனட்டில் 88 பேர் ஆதரித்தார்கள். ஆரெகன் மாநிலத்தின் வெயின் மோர்ஸ், அலாஸ்காவின் எர்னஸ்ட் குரூனிங் ஆகிய இருவர் மட்டுமே எதிர்த்தார்கள். தரைப்படை அனுப்ப இது இடம் தருமா என்று கேலார்ட் நெல்சன் என்ற செனட்டர் கவலைப்பட்டுத் திருத்தம் கொண்டுவர முனைந்தார். தீர்மானத்தை நடத்திச்சென்ற ஃபுல்பிரைட், தாமதம் வேண்டாம் என்று அவரை நிறுத்தினார். தேர்தல் ஆண்டில் குடியரசுக் கட்சி வேட்பாளர் பாரி கோல்ட்வாட்டருக்கு வாய்ப்புக் கொடுத்துவிடக் கூடாது என்ற கவலை ஃபுல்பிரைட்டுக்கு இருந்தது.

கோல்ட்வாட்டர் அணு ஆயுதங்களைப் பற்றிக் கவனமில்லாமல் பேசியவர். ஜான்சன் தரப்பு அதை விடவில்லை. செப்டம்பர் 7 அன்று ஒரு சிறுமி பூவின் இதழ்களை எண்ணிப் பறிக்க, அணுகுண்டு வெடிக்கும் விளம்பரம் தொலைக்காட்சியில் வந்தது. கட்டண விளம்பரமாக ஒரே ஒருமுறை ஒளிபரப்பானது. செய்தி நிகழ்ச்சிகள் அதைத் திரும்பத் திரும்பக் காட்டின. நாடு அணுகுண்டைப் பற்றிப் பேசியது. வியட்நாம் பேச்சில் இல்லாமல் போனது. அதே வாரங்களில் அரசுக்குள் நடந்த பேச்சு முழுக்க வியட்நாம்தான். வெளியுறவுத் துறையின் ஜார்ஜ் பால் அக்டோபர் 5 அன்று, இந்தப் போர் வெல்ல முடியாதது என்று அறுபது பக்கங்களுக்கு மேல் ஒரு குறிப்பு எழுதினார். வட வியட்நாம் மீது குண்டு வீசுவது உள்ளிட்ட வழிகளை ஆராயும் குழு கூடத் தொடங்கியது நவம்பர் 3 அன்று. மக்கள் வாக்களித்துக்கொண்டிருந்த நாள் அது.

இதற்கு மூன்று மறுப்புகள் சொல்லப்படுகின்றன. கோல்ட்வாட்டர் வந்திருந்தால் இன்னும் மோசமாகியிருக்கும் என்பது முதலாவது. இருக்கலாம். ஆனால் எதிரே நிற்பவர் ஆபத்தானவர் என்பதால் இவரிடம் கேள்வி கேட்காமல் விட்டதுதான் 1964இன் நோய். நெல்சனின் திருத்தம் நின்றுபோனதற்கு அதுவும் ஒரு காரணம். தேர்தல் காலத்தில் ஜான்சன் இன்னும் முடிவெடுக்கவில்லை, ஆகவே அவர் ஏமாற்றவில்லை என்பது இரண்டாவது. இது கனமான மறுப்பு, ஆதாரமும் உண்டு. 1964 மே 27 அன்று தம் பாதுகாப்பு ஆலோசகர் மெக்ஜார்ஜ் பண்டியிடம் தொலைபேசியில், இது சண்டை போடத் தகுந்த விஷயமாகத் தெரியவில்லை, வெளியேறவும் வழி தெரியவில்லை என்று ஜான்சன் புலம்பியது பின்னாளில் வெளியான ஒலிப்பதிவில் இருக்கிறது. அவர் தவித்தது உண்மை. ஆனால் முடிவு இன்னும் எடுக்கப்படவில்லை என்றால், மக்களிடம் கேட்க அதைவிட நல்ல நேரம் ஏது? அந்தத் தவிப்பை நாட்டோடு பகிர்ந்திருந்தால் விலகுவதற்கும் ஆதரவு திரண்டிருக்கக்கூடும். துணை அதிபர் ஹியூபர்ட் ஹம்ஃப்ரி 1965 பிப்ரவரியில் இதையே எழுதினார். பெரும் வெற்றிக்குப் பின் வந்த இந்த ஆண்டில்தான் அரசியல் இழப்புக் குறைவாக விலக முடியும் என்றார். ஜான்சன் அதன்பின் அவரை வியட்நாம் ஆலோசனைகளிலிருந்து ஒதுக்கிவைத்தார்.

வெளியுறவுக் காரியங்களை மேடையில் அவிழ்த்துக்காட்ட முடியாது, எதிரி கேட்டுக்கொண்டிருப்பான் என்பது மூன்றாவது மறுப்பு. படை நகரும் நாளையும் இடத்தையும் யாரும் கேட்கவில்லை. தன் கரைமீது தாக்குதல் நடப்பது வட வியட்நாமின் தலைநகர் ஹனாய்க்கு நன்றாகத் தெரியும். தெரியாமல் இருந்தவர்கள் அமெரிக்க வாக்காளர்களும் அவர்களுடைய செனட்டர்களும்தான். 1971இல் வியட்நாம் முடிவுகளைப் பற்றிய அரசின் இரகசியத் தொகுப்பான பென்டகன் ஆவணங்களை நியூயார்க் டைம்ஸ் வெளியிட்டபோது அந்த மக்களே அதிர்ந்தார்கள். பகைவனுக்குத் தெரிந்து சொந்தக் குடிமகனுக்குத் தெரியாத இரகசியத்தைப் பாதுகாப்பு என்ற பெயரில் நியாயப்படுத்த முடியாது.

1968இல் ரிச்சர்ட் நிக்சன் போரை முடித்து அமைதியை வெல்வேன் என்றார். எப்படி என்று சொல்லவில்லை. போரை நிறுத்த நடந்த பாரிஸ் பேச்சுவார்த்தை கெட்டுப்போக வேண்டும் என்று அவர் தம் உதவியாளருக்குக் கொடுத்த கட்டளை, அந்த உதவியாளரின் கையெழுத்துக் குறிப்பில் பிற்காலத்தில் கிடைத்தது. அவர் பதவியேற்றபின் 20,000க்கும் மேற்பட்ட அமெரிக்கர்கள் அந்தப் போரில் இறந்தார்கள். 1973இல் நிக்சனின் தடுப்பதிகாரத்தையும் மீறிக் காங்கிரஸ் போர் அதிகாரச் சட்டத்தை நிறைவேற்றியது. ஒப்புதல் இல்லாத போரை 60 நாளில், மிஞ்சினால் இன்னும் 30 நாளில் நிறுத்த வேண்டும் என்கிறது அது. பின்வந்த அதிபர்கள் பலர் அதை மதித்ததைவிடச் சுற்றிப்போனதே அதிகம்.

அமைதியை விரும்புகிறீர்களா என்று வேட்பாளரிடம் கேட்டால் எல்லோரிடமிருந்தும் ஒரே பதில்தான் வரும். எது நடந்தால் படை அனுப்புவீர்கள், யாரிடம் ஒப்புதல் கேட்பீர்கள், இப்போது உங்கள் மேசையில் என்ன திட்டம் இருக்கிறது என்ற கேள்விகளை அக்ரன் கூட்டத்தில் யாரும் எழுப்பவில்லை. செனட்டில் எழுப்பியவர்கள் மோர்ஸும் குரூனிங்கும். மோர்ஸ் அன்றே இதை வரலாற்றுப் பிழை என்று அழைத்தார். டோன்கின் தீர்மானம் 1971 ஜனவரியில் ரத்தானபோது அவர்கள் இருவருமே அவையில் இல்லை. 1968இல் குரூனிங் தம் கட்சியின் முதற்கட்டத் தேர்தலிலும், மோர்ஸ் நவம்பர் தேர்தலில் மிகச் சிறிய வாக்கு வித்தியாசத்திலும் தோற்றிருந்தார்கள்.